கேட்பதும் காட்டிக் கொடுப்பதும்

திண்டிவனத்தில் என் தமக்கையின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். மஃரிப் தொழுதுவிட்டுப் பள்ளிவாசலிலிருந்து திரும்பியதும் அவருடைய மகன் என்னை மொட்டை மாடிக்கு அழைத்துப் போனான். படிப்பை முடித்து வேலை தேடிக் கொண்டிருக்கும் பிள்ளை. தண்ணீர்த் தொட்டியின் மேல் ஓர் இரும்புக் குழாயை நட்டு, அதன் உச்சியில் ஒரு முழ நீளமுள்ள ஆண்டெனாவைப் பொருத்தியிருந்தான். அதிலிருந்து இறங்கிய கம்பி, உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு பெட்டியில் போய்ச் சேர்ந்தது. பக்கத்தில் ஒரு பழைய கணினித் திரை. திரையில் நம் வட்டாரத்தின் வரைபடம். அதன்மீது எறும்புகளைப் போல ஊர்ந்து கொண்டிருந்தன விமானங்கள்.

"இது சென்னையிலிருந்து சிங்கப்பூர் செல்வது, மாமா. இது கொழும்பிலிருந்து வருவது" என்று ஒவ்வொன்றாகக் காட்டிக் கொண்டே வந்தவன், பட்டியலின் அடியில் இருந்த ஒரு வரியில் விரலை நிறுத்தினான். "இதைப் பாருங்கள். எண் இருக்கிறது, உயரம் இருக்கிறது, இடம் மட்டும் இல்லை. இராணுவ விமானமாக இருக்கலாம். தான் இருக்கும் இடத்தை அது சொல்வதில்லை. ஆனால் விழுப்புரத்திலும் புதுச்சேரியிலும் சென்னையிலும் இதைப் போன்ற பெட்டிகள் இருந்து, நாங்கள் நால்வரும் கேட்டதை ஒன்று சேர்த்தால், அது எங்கே பறக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம்."

சற்று நேரம் பேசாதிருந்தான். பிறகு, "இது தஜஸ்ஸுஸ் ஆகுமா, மாமா?" என்று கேட்டான்.

துருவி ஆராய்தல், ஒற்றறிதல் என்று நாம் பொருள் கொள்ளும் அச்சொல்லை அவன் எங்கோ ஜும்ஆ பயானில் கேட்டிருக்க வேண்டும். அன்றிரவு அவனுக்கு என்னால் விடை கூற இயலவில்லை. ஊர் திரும்பிய பின்னரும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இக்காலத்துப் பிள்ளைகள் பலருடைய கைகளில் இருக்கும் கருவிகள் எல்லாவற்றையும் பற்றிய கேள்வி அது. ஆகவே அவனுக்குச் சொல்ல வேண்டியதை உங்கள் முன்னிலையில் சொல்லிப் பார்க்கிறேன்.

வானத்தின் குரல்

முதலில் அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்பதை அறிய வேண்டும்.

இன்று வானில் செல்லும் பயணிகள் விமானங்களில் பெரும்பாலானவை, தம் அடையாள எண், உயரம், வேகம், இருக்கும் இடம் ஆகியவற்றைத் தாமே ஓயாமல் அறிவித்துக் கொண்டு செல்கின்றன. நொடிக்கு இரண்டு முறை தம் இடத்தைக் கூறுகின்றன. 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒலிக்கும் இந்த அறிவிப்பில் பூட்டும் இல்லை, திறவுகோலும் இல்லை. விமானங்கள் ஒன்றோடொன்று மோதாதிருக்கவும், தரையில் இருப்போர் அவற்றை வழிநடத்தவும் ஏற்பட்ட ஏற்பாடு இது. உலகிலுள்ள ஒவ்வொரு விமானத்திற்கும் தனித்தனி எண் வழங்குவதற்காக, ஒரு கோடியே 67 இலட்சத்துக்கும் மேற்பட்ட எண்கள் வகுக்கப்பட்டு நாடுகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டுள்ளன.

வானொலி அலைகள் இந்த அலைவரிசையில் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்கின்றன. 35,000 அடி உயரத்தில் பறக்கும் விமானத்தின் குரல், மலையோ கட்டடமோ குறுக்கிடாவிட்டால், 350 முதல் 400 கிலோமீட்டர் தொலைவுவரை எட்டும். ஆதலால் திண்டிவனத்து மாடியிலிருந்து மதுரைக்கு மேலும் பெங்களூருக்கு மேலும் பறப்பனவற்றைக் கேட்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. தொலைக்காட்சி பார்ப்பதற்கென்று விற்கப்பட்ட மலிவான ஒரு சிறு கருவியைக் கொண்டே இதைச் செய்யலாம் என்பது 2012-ஆம் ஆண்டையொட்டிப் பரவலாகத் தெரியவந்தது. சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும் காரியமாயிற்று.

ஒரு மாடியில் கேட்பது ஒரு வட்டாரம். பல மாடிகளில் கேட்பதை ஒன்று சேர்த்தால் உலகம். சுவீடன் நாட்டில் 2006-இல் விமான ஆர்வலர் இருவர் தொடங்கிய முயற்சியே இன்று பலரும் கைப்பேசியில் பார்க்கும் ஃபிளைட்ரேடார்24. சுவிட்சர்லாந்தில் 2012-இல் ஆராய்ச்சிக்கென்று ஓப்பன்ஸ்கை என்னும் வலையமைப்பு உருவாயிற்று. 2016-இல் தோன்றிய ஏ.டி.எஸ்.-பி. எக்ஸ்சேஞ்ச், தனக்கு வரும் செய்திகளில் எதையும் மறைப்பதில்லை என்ற கொள்கையால் பெயர் பெற்றது. பிற நிறுவனங்கள் கேட்டுக் கொண்டால் மறைத்துவிடும் இராணுவ விமானங்களும் அதில் தென்பட்டன.

இனி அந்த இடமற்ற வரிக்கு வருவோம். சில விமானங்கள் தம் இடத்தை அறிவிப்பதில்லை. ஆனால் தரையிலுள்ள ரேடார் கேட்கும்போது எண்ணையும் உயரத்தையும் மட்டும் பதிலாகத் தருகின்றன. அந்தப் பதில் நான்கு ஊர்களில் உள்ள நான்கு பெட்டிகளை நான்கு வெவ்வேறு கணங்களில் வந்தடைகிறது. ஒரு நொடியைப் பத்து இலட்சம் கூறுகளாக்கினால், அதில் ஒரு கூறில் வானொலி அலை 300 மீட்டர் செல்லும். திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடையேயுள்ள சுமார் 40 கிலோமீட்டரை அது கடக்க ஏறத்தாழ 130 கூறுகள் போதும். அந்த நுண்ணிய கால வேறுபாடுகளை ஒப்பிட்டு, விமானம் சொல்லாமல் விட்ட இடத்தைக் கணக்கு சொல்லிவிடுகிறது. நால்வரில் எவருக்கும் தனியாகத் தெரியாத ஒன்று, நால்வரும் கூடியதும் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது.

என் மருமகனின் கேள்வி பிறந்த இடம் இதுதான்.

மதிலைத் தாண்டி வரும் ஓசை

திருமறையின் 49-ஆவது அத்தியாயமான ஸூரத்துல் ஹுஜுராத், 12-ஆவது வசனத்தில், பிறரைப் பற்றிய தீய எண்ணத்தையும் துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் ஒருசேர விலக்குகிறது. இம்மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வருவது சிந்திக்கத் தக்கது. ஐயம் ஆராயச் செய்கிறது. ஆராய்ந்தது நாவில் வந்து நிற்கிறது.

ஆயினும் காதில் விழுவதெல்லாம் தஜஸ்ஸுஸ் ஆகிவிடுமா? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா உலூமித்தீன்' நூலில், நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பது பற்றிய பகுதியில் இதற்கு ஓர் எல்லை வகுக்கிறார்கள். ஒரு வீட்டினுள் இசைக்கருவி ஒலிக்கிறதா என்று சுவரில் காதை வைத்துக் கேட்கலாகாது. மது வாடை வருகிறதா என்று மோப்பம் பிடிக்கலாகாது. ஆனால் அவ்வோசை மதிலைத் தாண்டித் தெருவில் செல்வோர் காதில் விழுமாயின், அது வெளிப்படையானது. அதைக் கேட்டவர் துருவினார் என்று கூறுவதற்கில்லை.

இந்த அளவுகோலின்படி பார்த்தால், பயணிகள் விமானத்தின் அறிவிப்பு மதிலைத் தாண்டி வரும் ஓசையே. எல்லோரும் கேட்க வேண்டுமென்றே அது ஒலிக்கிறது. பாங்கோசையைக் கேட்டவனைப் பள்ளிவாசலின் இரகசியத்தை ஒட்டுக் கேட்டவன் என்று எவரும் கூறமாட்டார். பொது வான்வழியில் குரல் கொடுத்தே செல்லும் இராணுவப் போக்குவரத்து விமானங்களும் உண்டு. அவற்றைக் கேட்பதும் இத்தகையதே.

ஆனால் அரசுகள் எல்லாம் இமாம் கஸ்ஸாலியைப் படித்தவை அல்ல. 2001 நவம்பரில் கிரேக்க நாட்டின் கலமாட்டா விமானப்படைத் தளத்தில், விமானங்களின் எண்களைக் குறித்துக் கொண்டிருந்த 12 பிரிட்டானியரும் 2 டச்சுக்காரரும் கைது செய்யப்பட்டனர். 2002 ஏப்ரலில் உளவுக் குற்றத்திற்கும் அதற்கு உடந்தையாக இருந்ததற்கும் அவர்களுக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் மேல்முறையீட்டு மன்றம் அவர்களை விடுவித்தது. 2010 பிப்ரவரியில் டெல்லி விமான நிலையத்திற்கு அருகே ஒரு விடுதியில் தங்கி, விமானங்களின் ஒலிபரப்பைக் கேட்டுக் கொண்டிருந்த பிரிட்டானிய ஆர்வலர் இருவர் கைதாகி, தந்திச் சட்டத்தின் கீழ் வழக்கைச் சந்தித்து, இறுதியில் அபராதம் செலுத்தி விடுதலை பெற்றனர். பொழுதுபோக்கிற்கும் உளவிற்கும் இடையேயுள்ள கோடு, அதிகாரியின் மேசைமீது எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதற்கு இவ்விரு நிகழ்ச்சிகளும் சான்று.

அண்டை வீட்டாரிடம் விசாரித்தல்

இமாம் அவர்கள் அதே இடத்தில் இன்னொன்றும் சொல்கிறார்கள். அடுத்தவர் இல்லத்தில் என்ன நடக்கிறது என்று அவருடைய அண்டை வீட்டாரிடம் போய் விசாரிப்பதும் கூடாது என்கிறார்கள். முதன்முறை படிக்கும்போது இது சிறிய செய்தியாகவே தோன்றும். மாடியிலிருக்கும் பெட்டியை நினைத்துக் கொண்டு மீண்டும் படித்தால் உடல் சிலிர்க்கிறது.

சுவரில் காது வைக்காதவன், மோப்பம் பிடிக்காதவன், நான்கு அண்டை வீட்டாரையும் அழைத்து ஆளுக்கொரு சிறு செய்தி கேட்கிறான். ஒருவர் விளக்கு எரிந்ததைச் சொல்கிறார். ஒருவர் கதவு திறந்ததைச் சொல்கிறார். ஒருவர் வண்டி நின்றதைச் சொல்கிறார். ஒருவர் குழந்தை அழுததைச் சொல்கிறார். எவரும் திரையை விலக்கவில்லை. ஆயினும் திரை விலகிவிட்டது! நான்கு பெட்டிகள் கூடி இடத்தைக் கணிப்பது இதைப் போன்றதன்றோ?

சிறு சிறு செய்திகள் கூடினால் பெரிய இரகசியம் வெளிப்படும் என்பதை உலகம் 2018 ஜனவரியில் கண்டது. ஸ்ட்ராவா என்னும் நிறுவனம், உடற்பயிற்சிக்காக ஓடுவோர் தாமே பதிவு செய்த பாதைகளைத் தொகுத்து ஓர் உலக வரைபடமாக முன்னரே வெளியிட்டிருந்தது. ஆஃப்கானிஸ்தான், சிரியா போன்ற நாடுகளின் இருண்ட பாலைவெளிகளில் சில சிறு வட்டங்கள் மட்டும் ஒளிர்வதை ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் கவனித்தார். அவை இராணுவ முகாம்கள். காலையில் வேலியோரமாக ஓடிய வீரர்களின் காலடித் தடங்கள். எந்த வீரரும் முகாமைக் காட்டிக் கொடுக்கவில்லை. எல்லோரும் சேர்ந்து காட்டிக் கொடுத்துவிட்டனர்.

ஆதலால் "நான் என் மாடியில் விழுந்ததை மட்டுமே கொடுத்தேன்" என்று ஒருவன் கூறுவது முழு விடையாகாது. நன்மைக்கும் இறையச்சத்திற்கும் ஒருவருக்கொருவர் துணை நில்லுங்கள், பாவத்திற்கும் பகைமைக்கும் துணை நில்லாதீர்கள் என்பதே ஸூரத்துல் மாயிதாவின் இரண்டாவது வசனம் நமக்குக் கற்பிக்கும் நெறி. துணை என்பது எப்போதும் ஒரு பங்குதான். ஒரு பங்கு சிறிதாக இருப்பதால் அதற்குக் கேள்வி இல்லாமல் போய்விடாது.

ஆனால் இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். இமாம் அவர்கள் பேசுவது வீட்டைப் பற்றி. குடும்பத்தின் மானத்தைப் பற்றி. விமானப்படை ஒரு வீடா? அரசுக்கு மானம் மறைக்கும் திரை உண்டா? மக்களின் வரிப்பணத்தில் பறக்கும் விமானம், மக்களிடமிருந்தே ஏன் மறைய வேண்டும்?

இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. தனி மனிதனுக்கு இறைவன் அளித்த திரையை அரசு தனக்கென்று கோர முடியாது. அரசு காக்கும் இரகசியம், மக்கள் அதனிடம் ஒப்படைத்த அமானிதம். அதற்குரிய மதிப்பு, அது காக்கும் உயிர்களிலிருந்து வருகிறது. திரையில் ஊரும் அந்தப் புள்ளியை வெறும் புள்ளியாகப் பார்க்கிறவன் இதை மறந்துவிடக் கூடும்.

திண்டிவனத்திலிருந்து வான்வழியே ஏறத்தாழ 90 கிலோமீட்டரில் தாம்பரம் விமானப்படைத் தளம் இருக்கிறது. அங்கிருந்து 2016 ஜூலை 22 அன்று காலை 29 பேரை ஏற்றிக் கொண்டு போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட ஏ.என்.-32 விமானம் வங்கக் கடலின் மேல் மறைந்தது. வாரக் கணக்கில் தேடியும் கிடைக்கவில்லை. ஏழரை ஆண்டுகளுக்குப் பின், 2024 ஜனவரியில், தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லாக் கலம் எடுத்த படங்களைக் கொண்டு, சென்னைக் கடற்கரைக்கு அப்பால் சுமார் 310 கிலோமீட்டரில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகள் கிடக்கின்றன என்று அறிவிக்கப்பட்டது. அந்த ஏழரை ஆண்டுகளில் 29 வீடுகளில் வாசற்கதவைப் பார்த்துக் கொண்டிருந்த தாய்மாரை நினையுங்கள். இராணுவ விமானம் என்னும் சொல்லுக்குள் இருப்பவர்கள் அவர்களுடைய பிள்ளைகள். இடத்தை மறைக்கும் உரிமை அந்த விமானத்திற்கு இருக்குமாயின், அது அந்தப் பிள்ளைகளின் உயிரிலிருந்து வரும் உரிமை.

சாட்சியை மறைக்கலாமா?

அப்படியானால் இராணுவ விமானம் என்றதும் கண்ணையும் காதையும் மூடிக் கொள்வதே இறையச்சமாகிவிடுமா? அதற்கும் நம் மார்க்கம் இடந்தரவில்லை. சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளம் பாவத்திற்குள்ளானது என்று ஸூரத்துல் பகராவின் 283-ஆவது வசனம் எச்சரிக்கிறது. நமக்கோ, நம் பெற்றோருக்கோ, உறவினருக்கோ எதிராக இருப்பினும் நீதிக்குச் சாட்சியாக நிற்கும்படி ஸூரத்துன்னிஸாவின் 135-ஆவது வசனம் பணிக்கிறது.

விமானங்களைக் கவனிக்கும் எளிய மனிதர்கள் சாட்சிகளான ஒரு வரலாற்றை நம் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும். 2001 செப்டம்பருக்குப் பின், அமெரிக்க உளவு நிறுவனம் ஐயத்திற்குரியவர் என்று தான் கருதியோரை வழக்கும் விசாரணையுமின்றி விமானத்தில் ஏற்றி, பிற நாடுகளின் மறைவிடச் சிறைகளுக்குக் கொண்டு சென்றது. அவர்களுள் ஒருவர் காலித் அல்-மஸ்ரி என்னும் ஜெர்மானியக் குடிமகன். 2003 டிசம்பர் 31 அன்று மாசிடோனியா நாட்டின் எல்லையில் பிடிக்கப்பட்டார். 23 நாட்கள் ஒரு விடுதியில் அடைத்து வைக்கப்பட்டார். 2004 ஜனவரி 23 அன்று போயிங் 737 விமானம் ஒன்றில் ஆஃப்கானிஸ்தானுக்குக் கொண்டு செல்லப்பட்டார். ஆள்மாறாட்டம் என்று தெரிந்த பின்னர், அவ்வாண்டு மே மாத இறுதியில் அல்பேனியாவின் சாலையோரத்தில் இறக்கிவிடப்பட்டார்.

அவர் தம் கதையைச் சொன்னபோது நம்புவார் இல்லை. ஆனால் விமானம் தடயத்தை விட்டுச் சென்றிருந்தது. விமான நிலைய வேலிகளுக்கு வெளியே நின்று, வந்து போகும் விமானங்களைப் படமெடுத்து வால் எண்களைக் குறித்து வைக்கும் ஐரோப்பிய ஆர்வலர்களின் தொகுப்புகளில் அந்த விமானமும் இருந்தது. அப்படங்களையும் பறப்புப் பதிவேடுகளையும் செய்தியாளர்கள் ஒப்பிட்டனர். 2006-இல் ஐரோப்பிய மன்றத்திற்காக டிக் மார்ட்டி அளித்த அறிக்கை அந்தப் பறப்புகளின் வலைப்பின்னலை வெளிப்படுத்தியது. 2012 டிசம்பர் 13 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அல்-மஸ்ரியின் கூற்றை ஏற்று, மாசிடோனியா அவருடைய உரிமைகளை மீறியது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்து 60,000 யூரோ இழப்பீடு வழங்கச் செய்தது. பறப்புப் பதிவேடுகளும் அத்தீர்ப்பில் சான்றாக நின்றன.

வேலியோரத்தில் கேமராவுடன் நின்றவர்களுக்கு அந்த விமானத்தில் யார் இருக்கிறார் என்பது தெரியாது. அவர்கள் செய்தது ஒரு பொழுதுபோக்கு. அந்தப் பொழுதுபோக்கு, கண்கள் கட்டப்பட்டு உள்ளே கிடந்த ஒரு முஸ்லிமின் சாட்சியாக மாறியது. இதை அறிந்த பின், விமானங்களைக் கவனிப்பதே பாவம் என்று எப்படிக் கூறுவது?

நேற்றும் நாளையும்

ஒரே செயல், ஓரிடத்தில் சாட்சியம், இன்னோரிடத்தில் காட்டிக் கொடுத்தல். எது இவ்விரண்டையும் பிரிக்கிறது?

மக்கா வெற்றிக்கு முன் நடந்ததை நினைவுகூர்வோம். ஹிஜ்ரி எட்டாம் ஆண்டு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மக்காவை நோக்கிப் புறப்பட ஆயத்தமானார்கள். பத்ருப் போரில் பங்கு கொண்ட தோழர் ஹாத்திப் இப்னு அபீ பல்தஆ (ரலி) அச்செய்தியைக் குறைஷியருக்கு எழுதி, ஒரு பெண்ணிடம் கொடுத்தனுப்பினார். அலி, ஸுபைர், மிக்தாத் (ரலி) ஆகியோர் ரவ்ழத்து காக் என்னுமிடத்தில் அவளை மறித்து, கூந்தலில் மறைத்து வைத்திருந்த கடிதத்தைப் பெற்று வந்தனர். மக்காவில் பாதுகாப்பின்றி இருந்த தம் குடும்பத்தார்க்காகவே அவ்வாறு செய்ததாகக் கூறினார் ஹாத்திப். உமர் (ரலி) அவர்கள் வாளுருவ அனுமதி கேட்டார்கள். பத்ரில் நின்றவர் என்று கூறி அண்ணலார் மன்னித்தார்கள்.

இதில் நான் கவனிப்பது இது: ஹாத்திப் எழுதியது பொய்யன்று. நெஞ்சில் பகைமையும் இல்லை. மதீனாவின் தெருவில் நின்ற எவரும் கண்டிருக்கக் கூடிய ஏற்பாடுகளே அதில் இருந்தன. தவறு, அது சென்ற திசையிலும் சென்ற நேரத்திலும் இருந்தது. படை மக்காவை அடைந்த பின் அதே கடிதம் வெறும் வரலாறு. புறப்படுமுன் அது ஆயிரக்கணக்கானோர் உயிர்.

ஸூரத்துன்னிஸாவின் 83-ஆவது வசனம் இதையே பொது விதியாக்குகிறது. பாதுகாப்பைப் பற்றியோ அச்சத்தைப் பற்றியோ ஒரு செய்தி வந்ததும் அதைப் பரப்பிவிடுகிறவர்களை அது கண்டிக்கிறது; பொறுப்புடையோரிடம் அதைக் கொண்டு சென்றிருந்தால் ஆராய்ந்து அறியத் தக்கவர்கள் அறிந்திருப்பார்கள் என்று வழிகாட்டுகிறது.

அச்சச் செய்தி பரவினால் என்ன ஆகும் என்பதை நம் சென்னை மாகாணம் 1942 ஏப்ரலில் கண்டது. அம்மாதம் 5-ஆம் நாள் கொழும்பும் 9-ஆம் நாள் திருகோணமலையும் ஜப்பானிய விமானங்களின் தாக்குதலுக்குள்ளாயின. சென்னைக்கும் படை வருகிறது என்ற செய்தியில் நகரத்து மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் இரயிலிலும் வண்டியிலும் வெளியேறினர்; அரசு அலுவலகங்களும் உள்நாட்டு ஊர்களுக்கு இடம் பெயர்ந்தன. வருவதாகச் சொல்லப்பட்ட படை வரவில்லை.

செய்தி உண்மையாக இருந்தால் ஆபத்து இன்னும் பெரிது. 2008 நவம்பரில் மும்பை தாக்கப்பட்டபோது, அதிரடிப் படையினரின் ஒவ்வோர் அசைவையும் தொலைக்காட்சிகள் நேரலையில் காட்டின. எல்லைக்கு அப்பால் அதைப் பார்த்துக் கொண்டிருந்தோர் கொலைகாரர்களுக்குத் தொலைபேசியில் கட்டளையிட்டனர். 2012 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் இதைக் கடுமையாகக் கண்டித்தது. பஹல்காம் படுகொலைக்குப் பின், 2025 ஏப்ரல் 26 அன்று, படைகளின் நடமாட்டத்தை நேரலையில் காட்ட வேண்டாமென்று ஒன்றிய அரசு ஊடகங்களுக்கு அறிவுறுத்தியபோதும் இந்த அனுபவத்தையே எடுத்துக் காட்டியது.

இங்கிருந்து எனக்குக் கிடைக்கும் அளவுகோல் எளிது. சாட்சி நேற்று நடந்ததைச் சொல்கிறான். அநீதி இழைக்கப்பட்டவனுக்காக, தீர்ப்பளிக்கும் தகுதியுடையோர் முன் சொல்கிறான். காட்டிக் கொடுப்பவன் நாளை நடக்க இருப்பதைச் சொல்கிறான்; கேட்பவர் யாரென்று அறியாமல், அல்லது அறிந்தே, வெளியில் வீசுகிறான். அல்-மஸ்ரியை ஏற்றிச் சென்ற விமானத்தின் படம் முதல் வகை. இந்த நொடியில் ஒரு படை விமானம் எங்கே பறக்கிறது என்று உலகிற்குச் சொல்வது இரண்டாம் வகைக்கு மிக அருகில் நிற்கிறது.

திண்டிவனத்திற்கு மேற்கே செஞ்சிக் கோட்டை இருக்கிறது. இராஜகிரியின் உச்சியில் நின்ற காவலாளியும் தொலைவில் எழும் புழுதியைப் பார்த்தவன்தான். அவன் கண்டதைக் கோட்டைக்குள் சொன்னால் காவல். மதிலுக்கு வெளியே சொன்னால் துரோகம். பார்த்த கண்கள் இரண்டிலும் ஒன்றே.

இந்த அளவுகோல் எல்லாச் சிக்கலையும் அவிழ்த்துவிடும் என்று நான் கூறவில்லை. அநீதி இன்றே நடந்து கொண்டிருந்தால் நேற்றாகும்வரை காத்திருக்கலாமா? பாதுகாப்பு என்ற பெயரில் அரசு தன் குற்றங்களை என்றென்றும் நாளை என்று சொல்லிக் கொண்டேயிருந்தால்? இவை உண்மையான கேள்விகள். ஆனால் அத்தகைய நேரத்தில் தன் செயலுக்குத் தானே பெயரோடு முன்னின்று பொறுப்பேற்கும் துணிவு வேண்டும். பெயரற்ற பெட்டி ஒன்று தானாகவே அனுப்பிவிட்டது என்று சொல்வதில் அந்தத் துணிவு இல்லை.

யாரிடம் ஒப்படைக்கிறோம்?

இன்னொரு செய்தியும் உண்டு. எதையும் மறைப்பதில்லை என்று பெயர் பெற்ற அந்த ஏ.டி.எஸ்.-பி. எக்ஸ்சேஞ்ச், 2023 ஜனவரியில் ஜெட்நெட் என்னும் வணிக நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. உலகெங்கும் தம் மாடிகளில் பெட்டி வைத்து, மின்சாரம் செலவழித்து, காசு வாங்காமல் செய்தி அனுப்பிக் கொண்டிருந்தவர்களில் பலர் மனம் கசந்து விலகினர். ஊர்ப் பொதுவில் வெட்டிய குளத்தை ஒருவர் விற்றுவிட்டதைப் போல் அவர்களுக்கு இருந்திருக்கும்.

அமானிதம் என்பது கொடுப்பவனையும் கட்டுப்படுத்துவது. அதைத் தகுதியுடையோரிடம் ஒப்படைக்கும்படி ஸூரத்துன்னிஸாவின் 58-ஆவது வசனம் கட்டளையிடுகிறது. நாம் கொடுப்பது யார் கைக்குப் போகிறது, நாளை அது யாருக்கு விற்கப்படும் என்று கேளாமல் கொடுப்பவன், இலவசமாகக் கொடுத்தாலும் கவனமின்றிக் கொடுத்தவனே.

அச்சமும் இறையச்சமும்

இறுதியாக, என் தமக்கை அன்றிரவு சமையலறையிலிருந்து தணிந்த குரலில் கேட்டதையும் சொல்லியாக வேண்டும். "அது என்னவோ இருக்கட்டும் தம்பி. நம்ம பிள்ளை இதையெல்லாம் செய்யலாமா? யாராவது பார்த்து எதையாவது நினைத்துக் கொண்டால்?"

இந்தக் கவலையைச் சிரித்து ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. மாடியில் ஓர் ஆண்டெனாவும், வாசலில் ஒரு முஸ்லிம் பெயரும் சேர்ந்தால் சில கண்களுக்கு அது வேறு கணக்காகத் தோன்றக் கூடும். ஒவ்வொரு முஸ்லிம் தாயின் நெஞ்சிலும் இந்தப் பயம் ஒரு மூலையில் இருக்கிறது.

ஆனால் பயத்தை அறநெறியின் ஆசனத்தில் அமர்த்திவிடக் கூடாது. பிறர் ஐயுறுவார்கள் என்பதற்காக ஒரு நல்ல கல்வியை விட்டுவிடச் சொன்னால், நம் பிள்ளைகள் எதைத்தான் கற்பது? வானத்தை அளப்பதற்குக் கருவிகள் செய்த முன்னோரின் வழித்தோன்றல்கள் நாம். அவ்வாறே, எவரும் பார்க்கவில்லை என்பதற்காகத் தவறான ஒன்றைச் செய்துவிடவும் கூடாது. செய்யத் தகாததைக் காவல்துறைக்கு அஞ்சி விடுவது ஒன்று. அது ஓர் உயிருக்குத் தீங்காகலாம் என்று இறைவனுக்கு அஞ்சி விடுவது வேறு. முன்னது அச்சம்; பின்னதே தக்வா.

சட்டத்தையும் அவன் அறிந்து கொள்ள வேண்டும். 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டமும் 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டமும் ஆண்ட இடத்திற்கு 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் வந்திருக்கிறது. 1923-ஆம் ஆண்டின் அரசாங்க இரகசியச் சட்டமும் இருக்கிறது. வானொலிக் கலையில் ஆர்வமுள்ளவர்களுக்குத் தேர்வெழுதி உரிமம் பெறும் 'ஹாம்' வழியும் திறந்திருக்கிறது. மறைவில் செய்வதற்கு ஏதுமில்லாதவன் ஒளிவில்லாத வழியிலேயே நடப்பான்.

சில நாட்களுக்குப் பின் அவனோடு தொலைபேசியில் பேசினேன். என் எண்ணங்களைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவன், "அப்படியானால் எடுத்துவிடட்டுமா, மாமா?" என்றான்.

"எடுக்க வேண்டாம். முதலில் சட்டம் அறிந்த ஒருவரைக் கேட்டுக் கொள். தானே குரல் கொடுத்துச் செல்வதைக் கேள், கற்றுக் கொள். தன் இடத்தைச் சொல்ல விரும்பாததை நால்வர் கூடித் துருவுவதற்கு மட்டும் உன் பங்கைக் கொடுக்காதே. என்றேனும் ஓர் அநீதியைக் கண்டால், தேதியும் நேரமும் குறித்து வை. சாட்சிக்கு அழைக்கப்படும் நாளில் மறைக்காதே" என்றேன்.

மறுமுனையில் சற்று அமைதி. பிறகு, "அந்த இடமில்லாத வரி இப்போதும் வந்து போகிறது, மாமா. அதில் இருப்பவர்கள் நலமாகத் தரையிறங்க வேண்டும் என்று நினைத்துக் கொள்கிறேன்" என்றான்.

நான் எழுதிய இத்தனை பக்கங்களைவிட அந்தச் சொல் மேலானது என்று எனக்குப் பட்டது. செவியையும் பார்வையையும் உள்ளத்தையும் நமக்குத் தந்த வல்ல நாயன், அம்மூன்றையும் பற்றி நம்மை விசாரிக்கும் நாளில், நம் பிள்ளைகளை நல்ல விடை சொல்பவர்களாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.